விடிகாலைத் தும்மல்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள பழைய தோட்டங்களில் பொழுது இன்னும் புலரவில்லை. ஒரு காலத்தில் இந்நேரம் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, மணி அடித்திருக்கும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டக் கிளம்பியிருப்பார்கள். பால்மரம் நின்ற இடங்களில் பெரும்பாலும் இன்று செம்பனை நிற்கிறது. மணியும் இல்லை, பெரட்டும் இல்லை. மிஞ்சியிருக்கும் லயத்து வீடுகளில் ஒரு சத்தம் மட்டும் அன்றுபோலவே கேட்கிறது. கட்டிலை விட்டு எழுந்து விரிப்பை உதறியதும் தும்மல் தொடங்கும். ஒன்று, இரண்டு, ஏழு, பத்து. மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகும். கண் அரிக்கும், மேலண்ணம் அரிக்கும், காதுக்குள்ளும் அரிக்கும். வெயில் ஏறியதும் எல்லாம் அடங்கிவிடும்.

"எத்தனை நாளா இருக்கும்மா?"

"சளிதாங்க டாக்டர். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இருக்கு."

"காய்ச்சல் அடிக்குதா?"

"இல்லீங்க டாக்டர். உடம்பு வலியும் கிடையாது. காலையில எந்திரிச்சா தும்மல்தான்."

பேராக்கில் தமிழ் தெரிந்த மருத்துவர் எவரும் இந்த உரையாடலைப் பலமுறை நடத்தியிருப்பார். இதில் கவனிக்க வேண்டிய சொல் 'சளி'. பாட்டிக்கு முப்பது ஆண்டுகளாக நீடிக்கும் தும்மலும் சளிதான். பேரன் பள்ளியிலிருந்து மத்தியானம் நெருப்பாய்க் கொதிக்கும் உடம்போடு வந்து படுத்தால் அதுவும் சளிதான். இரவில் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால் அதற்கும் 'நெஞ்சுச் சளி' என்றுதான் பெயர். முதலாவது ஒவ்வாமை, இரண்டாவது இன்ஃபுளுவென்சா, மூன்றாவது ஆஸ்துமா. மூன்றும் மூச்சுப்பாதையில் நடப்பவை என்பதைத் தவிர, அவற்றின் காரணமும் வேறு, மருந்தும் வேறு, ஆபத்தும் வேறு. ஒரே சொல்லுக்குள் மூன்றையும் போட்டு, ஒரே சிரப்பை மூவருக்கும் ஊற்றிக்கொடுக்கும் வீட்டில் பாட்டியின் தூக்கம் கெடுகிறது, பேரனின் நேரம் வீணாகிறது.

நோய்க்குச் சரியான பெயர் கேட்பது ஏன் முக்கியம் என்பதை பேராக் மாநிலத்தைப் போல் நன்கறிந்த ஊர் உலகில் அதிகம் இருக்க முடியாது.

பேராக்கின் தலைநகர் ஈப்போவில் இன்று சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை எனப்படும் பழைய புரூஸ்டர் சாலையில், 1937க்குப் பிறகு, ஒரு மருத்துவர் சாதாரண கிளினிக் நடத்திக்கொண்டிருந்தார். பினாங்கில் 1879இல் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்தவர். பெயர் வூ லியன் தே. 1910 டிசம்பரில் சீன அரசு அவரை மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்கு அனுப்பியது. அங்கே கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்தது. பிளேக் என்றாலே எலி, எலித்தெள்ளு என்பதுதான் அன்றைய பாடம். வூ லியன் தே ஒரு பிணத்தை அறுத்துப் பார்த்தார். நோய் நுரையீரலில் இருந்தது. அப்படியானால் இது மூச்சுக்காற்றின் வழியாக ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுகிறது என்று முடிவு செய்தார். மெல்லிய துணியையும் பஞ்சையும் அடுக்கடுக்காக வைத்து முகக்கவசம் தைக்கச் சொன்னார். பிரெஞ்சு மருத்துவர் மெனி அதை ஏற்கவில்லை. கவசமில்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் அதே நோயில் இறந்தார். அதன் பிறகு எல்லோரும் கவசம் அணிந்தார்கள். ஏறக்குறைய 60,000 உயிர்களைக் குடித்த அந்த நோய் 1911இன் தொடக்க மாதங்களிலேயே ஹார்பினில் அடங்கியது.

1935இல் நோபல் பரிசுக்கு முன்மொழியப்பட்ட அந்த மனிதர்தான், பிறகு இருபதாண்டுகளுக்கு மேல் ஈப்போ மக்களின் இருமலையும் காய்ச்சலையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஈப்போவின் பொது நூலகமும் அவர் முயற்சியில் உருவானது. கொரோனாக் காலத்தில் உலகமே முகக்கவசம் மாட்டியபோது, அதன் கதையில் ஈப்போவுக்கும் பங்குண்டு என்பது ஈப்போவில் வளரும் பிள்ளைகளுக்கே சொல்லப்படவில்லை என்றால் அது வருத்தம்தான்.

வூ லியன் தே ஹார்பினிலிருந்து வெற்றியோடு திரும்பி ஏழே ஆண்டுகளில், வேறொரு மூச்சுநோய் உலகைச் சுற்றி வந்தது. 1918 நடுவில் மலாயாவை லேசாகத் தொட்டுவிட்டுப் போன இன்ஃபுளுவென்சா, அக்டோபரில் வேறு முகத்தோடு திரும்பியது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அடுத்தடுத்த அறைகளில் நெருக்கியடித்துப் படுத்திருந்த தோட்டத்து லயங்கள் அதற்குத் திறந்த கதவுகளாக இருந்தன. ஒரு அறையில் இருமல் கேட்டால், மேலே திறந்த தடுப்புச் சுவரைத் தாண்டி அடுத்த அறைக்குக் காற்று போகும். ஒரே கிணறு, ஒரே பெரட்டுக்களம், ஒரே ஆயாக்கொட்டகை. ஊருக்குக் கடிதம் போட்டு நலம் விசாரிக்கலாம் என்றால், அங்கே இன்னும் மோசம்: இந்தியாவில் மட்டும் அந்தக் காய்ச்சலில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

அன்று மருத்துவர்கள் குற்றவாளியைத் தவறாகப் பிடித்திருந்தார்கள். ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மானியர் 1892இல் அடையாளம் காட்டிய ஒரு பாக்டீரியாதான் இந்தக் காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பினார்கள். அந்தப் பாக்டீரியா இன்றும் 'ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சே' என்ற பெயரைச் சுமக்கிறது, செய்யாத குற்றத்தின் பெயரை. உண்மையான காரணமான வைரஸ் மனிதரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது 1933இல்தான். லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும் நோயாளியின் தொண்டைநீரை, கீரிப்பிள்ளையைப் போலிருக்கும் ஃபெரெட் என்ற விலங்கின் மூக்கில் விட்டார்கள். ஃபெரெட் தும்மியது. தும்மிய ஃபெரெட்டிலிருந்து ஆய்வாளருக்கும் காய்ச்சல் தொற்றியது. நோய் ஆளிலிருந்து விலங்குக்கும், விலங்கிலிருந்து ஆளுக்கும் போனதில் காரணம் நிரூபணமானது. 1918இல் லயத்தில் படுத்தவர்களுக்கு இந்த அறிவு பதினைந்து ஆண்டு தாமதம்.

இதையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாதபடி, 1998 செப்டம்பரில் ஈப்போவுக்கு அருகிலேயே அதே பிழை திரும்ப நடந்தது. பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சலோடும் மூளைவீக்கத்தோடும் மருத்துவமனைக்கு வந்தார்கள். சிலரது ரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் தடயம் தெரிந்தது. அது கொசுவால் பரவும் நோய். ஆகவே கொசுமருந்துப் புகை அடித்தார்கள், அந்த நோய்க்கான தடுப்பூசியும் போட்டார்கள். நோய் நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றிகளைத் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆண்கள். பண்ணைகளிலோ பன்றிகளே இருமிக்கொண்டிருந்தன. பன்றிகள் விற்கப்பட்டு நெகிரி செம்பிலானுக்குப் போனபோது நோயும் கூடவே போனது. 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் அது இதுவரை அறியப்படாத ஒரு வைரஸ் என்று கண்டார். பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதருக்கும் வந்த நிப்பா வைரஸ். 265 பேருக்குத் தொற்றி 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் கொல்லப்பட்டன. தவறான பெயரோடு நோயை ஏறக்குறைய ஆறு மாதம் துரத்தியதற்கு மக்கள் கொடுத்த விலை அது.

ஒரு வீட்டுக்குள் நடக்கும் பிழைக்கு அவ்வளவு பெரிய விலை இல்லை. ஆனால் பிழையின் வடிவம் ஒன்றே. எனவே பாட்டியின் தும்மலுக்கே திரும்புவோம்.

ஒவ்வாமையைக் காட்டிக்கொடுக்கும் முதல் அடையாளம் அரிப்பு. மூக்கும் கண்ணும் அண்ணமும் அரித்தால், ஒழுகும் நீர் தெளிவாக இருந்தால், காய்ச்சல் இல்லையென்றால், வாரக்கணக்கில் வருவதும் போவதுமாக இருந்தால், அது பெரும்பாலும் ஒவ்வாமை. குழந்தைகள் உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். நாளடைவில் மூக்குத்தண்டின் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிடும். அந்தக் கோட்டை மருத்துவர் கண்டால் பாதிக் கேள்வி மிச்சம். ஃபுளு எனப்படும் இன்ஃபுளுவென்சா வருவது வேறுவிதம். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் எழுந்திருக்க முடியாமல் கிடப்பார். திடீர்க் காய்ச்சல், நடுக்கம், தலைவலி, முதுகும் காலும் அடித்துப்போட்டது போன்ற வலி, வறட்டிருமல். எந்த மணியிலிருந்து நோய் தொடங்கியது என்று நோயாளியே சொல்லிவிடும் அளவுக்கு அது திடீரென்று வரும். சாதாரணத் தடிமன் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும்: மெல்ல வந்து, தொண்டையில் தொடங்கி, ஒரு வாரத்தில் போய்விடும். முதல் ஓரிரு நாளில் ஃபுளுவையும் கொரோனாவையும் அறிகுறியை வைத்துப் பிரிப்பது மட்டும் யாராலும் ஆகாது. அதற்குப் பரிசோதனை வேண்டும். இரண்டையும் ஒரே குச்சியில் பார்க்கும் சோதனைப் பெட்டி இப்போது மருந்துக்கடைகளிலேயே கிடைக்கிறது.

சரி, பாட்டிக்கு எதனால் ஒவ்வாமை? ஐரோப்பியப் புத்தகங்கள் வசந்தகாலத்துப் பூந்தாதைக் கைகாட்டும். பேராக்கில் வசந்தம் கிடையாது. ஆண்டு முழுவதும் வெக்கை, ஆண்டு முழுவதும் ஈரம். மலேசியத் தீபகற்பத்திலேயே மழைக்குப் பேர்போன தைப்பிங் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. இந்த ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் செழிப்பது தூசுப்பூச்சி.

பூச்சி என்று சொன்னாலும் இதற்கு எட்டுக் கால். சிலந்தி, உண்ணி இவற்றின் உறவு. நீளம் ஒரு மில்லிமீட்டரில் கால்பங்கு, மூன்றில் ஒரு பங்கு. நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதன் சோறு. அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உடம்பால் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே ஈரம் உள்ள ஊரில்தான் அது வாழும். மனிதன் இரவில் எட்டுமணி நேரம் தோலை உதிர்த்து, வியர்வையும் மூச்சும் விட்டுக் கொடுக்கும் மெத்தையும் தலையணையும் அதற்குச் சொர்க்கம். வீட்டுத்தூசியின் ஒவ்வாமைக்குக் காரணம் இந்த உயிர்தான் என்று நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் 1960களில் நிறுவினார்கள். வெப்பமண்டல நாடுகளில் அதோடு 'புளோமியா டிராப்பிகாலிஸ்' என்ற இன்னொரு வகையும் சேர்ந்துகொள்கிறது.

மனிதரைத் தும்ம வைப்பது பூச்சியின் கடி கிடையாது. அது கடிப்பதே இல்லை. அதன் எச்சத்திலுள்ள ஒரு புரதம்தான் வம்பு. அந்தப் புரதம் ஒரு செரிமான நொதி. மூக்கின் மெல்லிய சவ்வில் படிந்தால் செல்களுக்கு இடையிலுள்ள பிணைப்பை அரித்து உள்ளே இறங்கும். சிலருடைய உடம்பு அதைப் புழுவோ கிருமியோ என்று எண்ணி 'ஐஜிஇ' என்ற எதிர்ப்பொருளை உண்டாக்கும். அந்த எதிர்ப்பொருள் மாஸ்ட் செல் என்ற காவல் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். பிறகொரு நாள் விரிப்பை உதறும்போது எச்சத்தூள் பறந்து மூக்குக்குள் போகிறது. காத்திருந்த எதிர்ப்பொருள் அதைப் பிடிக்கிறது. காவல் செல் வெடித்தாற்போல் ஹிஸ்டமினைக் கொட்டுகிறது. சில நிமிடத்தில் நரம்பு அரிக்கிறது, ரத்தக்குழாய் கசிகிறது, மூக்கு ஒழுகுகிறது. விடிகாலைத் தும்மலின் முழுக் கதை இதுதான்.

கதை தெரிந்தால் வழியும் தெரியும். தலையணை உறை, விரிப்பு, போர்வை ஆகியவற்றை வாரம் ஒருமுறை 60 பாகை வெந்நீரில் துவைத்தால் பூச்சி சாகும், எச்சமும் கழுவப்படும். மெத்தையை வெயிலில் போடும் பழக்கம் நல்லதுதான், ஈரம் குறையும். ஆனால் செத்த பூச்சியும் எச்சமும் உள்ளேயே இருக்கும் என்பதால் வெயில் மட்டும் போதாது. பத்து, பதினைந்து ஆண்டாகப் புழங்கும் இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றிவிடுவதே மேல். புதியதற்கு, பூச்சியின் எச்சம் நுழையாதபடி நெருக்கமாக நெய்த உறையைப் போடலாம். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பும், ஈரத்துணியால் துடைத்தால் எழும்பாது. பெருக்கும் வேலையை ஒவ்வாமை இல்லாதவர் செய்யட்டும். பெரும்பாலான வீடுகளில் அது அந்தப் பாட்டியின் தலையிலேயே விழுகிறது என்பது மருத்துவம் தீர்க்க வேண்டிய சிக்கல் கிடையாது, குடும்பம் தீர்க்க வேண்டியது.

தோட்டம் மாறியபோது காற்றில் மிதப்பதும் மாறியது. பால்மரத்தின் பூந்தாதைச் சிறு பூச்சிகள்தான் கொண்டுபோகும். ஆண்டுத் தொடக்கத்தில் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்த்துப் பூக்கும் காலத்திலும் அது காற்றில் பெரிதாகப் பறப்பதில்லை. செம்பனை அப்படி இல்லை. அதன் ஆண்பூங்கொத்து ஏராளமாகத் தாதைக் கொட்டும். அந்தத் தாது மனிதருக்கு ஒவ்வாமை தரக்கூடியது என்பதைச் சிங்கப்பூரில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. செம்பனையின் வரலாற்றில் தோட்டத்துப் பெண்கள் நினைவில் வைத்திருக்கும் ஒரு வேலை உண்டு. 1981க்கு முன்பு மலேசியாவில் செம்பனைக்குப் போதிய மகரந்தச் சேர்க்கை இயற்கையாக நடக்கவில்லை. பூந்தாதைச் சேகரித்து, முகத்துக்குப் போடும் பவுடர் போன்ற டால்க் தூளோடு கலந்து, ஒவ்வொரு பெண்பூவாகத் தேடிப்போய் ஊதிவிடுவார்கள். அந்த வேலையில் பெண்கள் ஏராளம். தாதும் தூளும் கலந்த அந்த மூட்டத்தைச் சுவாசித்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார்கள். 1981இல் கேமரூனிலிருந்து 'எலெய்டோபியஸ் கெமருனிகஸ்' என்ற சின்ன வண்டு கொண்டுவரப்பட்டு விடப்பட்டது. அந்த வண்டு மகரந்தச் சேர்க்கையைத் தானே செய்ய, ஊதும் வேலை முடிவுக்கு வந்தது. அந்தப் பெண்களின் மூக்கையும் நுரையீரலையும் அன்று யாராவது பரிசோதித்திருக்க வேண்டும்.

பால்மரமும் வேறொரு வழியில் ஒவ்வாமையின் வரலாற்றில் இடம்பிடித்தது. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளோடு பேராக்கில் தொடங்கிய ரப்பர், நூறாண்டு கழித்து மருத்துவர்களின் கையுறையாக உலகெங்கும் போனது. எய்ட்ஸ் அச்சத்தால் 1980களில் கையுறையின் தேவை பலமடங்கு பெருகியது. எளிதாக மாட்டுவதற்காகக் கையுறைக்குள் மாவு தூவியிருந்தார்கள். ரப்பர்ப்பாலின் புரதம் அந்த மாவில் ஒட்டிக்கொண்டு காற்றில் மிதந்தது. அறுவை அறையிலிருந்த தாதியருக்கும் மருத்துவர்களுக்கும் தும்மலும் ஆஸ்துமாவும் வந்தன, சிலருக்கு உயிருக்கே ஆபத்தானது. அமெரிக்கா 2017இல் மாவிட்ட கையுறையைத் தடைசெய்தது. ரப்பர்ப்பால் ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு வாழைப்பழமும் ஒத்துக்கொள்ளாது. இரண்டின் புரதமும் ஒன்றையொன்று ஒத்திருப்பதே காரணம். பலூன் ஊதினால் உதடு வீங்கும் பிள்ளை இருந்தால் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பேராக்கில் பருவத்தோடு வரும் மூச்சுத்தொல்லை என்றால் அது புகைமூட்டம்தான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், சுமத்ராவின் கரிநிலங்களில் மூட்டும் தீயின் புகை நீரிணையைத் தாண்டி வரும். 1997, 2015, 2019 ஆண்டுகளின் புகையை ஈப்போவாசிகள் மறக்கமாட்டார்கள். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள் கண்ணுக்கு எதிரேயே காணாமல் போயிருந்தன. புகையிலுள்ள நுண்துகள் தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. அது நுரையீரலின் கடைசி அறைவரை போகும். ஏற்கெனவே ஒவ்வாமையால் வீங்கியிருக்கும் மூச்சுக்குழாய் அதில் மேலும் சுருங்கும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆஸ்துமா உள்ளவர் வெளியில் ஓடவோ மண் வெட்டவோ கூடாது. துணிக்கவசமும் மெல்லிய நீலக்கவசமும் இந்தத் துகளைத் தடுக்காது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 வகைதான் தடுக்கும்.

வெளியிலிருந்து வரும் புகைக்கு அஞ்சிக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே கொசுவத்தி ஏற்றுகிறோம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் கொசுவத்திகளை எரித்துப் பார்த்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் வரை எரித்தால் வரும் அளவுக்கு நுண்துகள் வெளிவருவதாகக் கண்டது. மூடிய அறையில், தூங்கும் குழந்தையின் தலைமாட்டில், இரவு முழுக்க. கொசுவலை இருக்கும்போது இது தேவையே இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலைக்குச் சாம்பிராணி போடுவது இனிமையான வழக்கம். இழுப்பு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அதை வாசலில் செய்யட்டும்.

மருந்தைப் பற்றி நேராகவே சொல்லலாம். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸர் காலத்திலிருந்து எல்லோருக்கும் பழக்கமான சின்ன மஞ்சள் மாத்திரை, குளோர்பெனிரமின், தும்மலை நிறுத்தும். கூடவே தூக்கத்தையும் தரும். அதைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போவது ஆபத்து. செட்ரிசின், லோரடடின் போன்றவை அந்த அளவுக்குத் தூக்கம் தருவதில்லை. அன்றாடத் தொல்லைக்கு மிகச் சிறந்த மருந்து மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே. 'ஸ்டீராய்டு' என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் பலர். மிகச் சிறிய அளவே மூக்குச் சவ்வில் படுகிறது, மருத்துவர் சொன்னபடி அடித்தால் அச்சம் வேண்டாம். ஆனால் முதல் நாளே பலிக்காது. ஓரிரு வாரம் விடாமல் அடிக்க வேண்டும். இரண்டு நாள் அடித்துவிட்டுப் 'பலனில்லை' என்று தூக்கிப்போடுவதுதான் வழக்கமான தவறு. வலக்கையால் இடது துவாரத்துக்கும் இடக்கையால் வலது துவாரத்துக்கும் பிடித்தால் மருந்து நடுத்தண்டில் படாமல் பக்கவாட்டுச் சவ்வில் படும், ரத்தம் கசியாது. மூக்கடைப்பை ஒரு நொடியில் திறக்கும் மற்றொரு வகைச் சொட்டுமருந்தை ஐந்து நாளுக்கு மேல் விட்டால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்ல பலன் தரும். தண்ணீர் மட்டும் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். ஆவி பிடிப்பதும் கோடாலித் தைலம் தடவுவதும் சற்று ஆறுதல் தரும். நோயை மாற்றாது. கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் சிறு குழந்தையைக் குனியவைத்து, குழந்தை வெந்துபோன சம்பவங்கள் மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல. அதை விட்டுவிடுங்கள்.

இனி பேரன். 2025 அக்டோபரில் மலேசியாவில் 6,000 மாணவர்கள் அளவில் இன்ஃபுளுவென்சா தொற்றி, சில பள்ளிகளை மூடவேண்டி வந்தது. குளிர்நாடுகளில் ஃபுளுவுக்குக் குளிர்காலம் என்று ஒரு பருவம் உண்டு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள மலேசியாவில் அது ஆண்டு முழுவதும் உலவும், சில மாதங்களில் பொங்கும். தைப்பூசத்துக்கு ஈப்போவின் குனோங் சீரோ முருகன் கோயிலில் கூடும் கூட்டமும், தீபாவளிக்கு ஊர் திரும்பும் நெரிசலும், பள்ளி வகுப்பறையும் அதற்கு ஒன்றுதான். தொற்றிய ஓரிரு நாளில் நோய் வெளிப்படும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே மற்றவருக்குப் பரவத் தொடங்கும். அதனால்தான் காய்ச்சலோடு பள்ளிக்கு அனுப்பப்படும் ஒரு பிள்ளை, ஒரு வாரத்தில் வகுப்பையே படுக்கவைக்கிறது. எம்.சி. எனும் மருத்துவ விடுப்பு எடுத்து வீட்டில் இருப்பது சோம்பல் ஆகாது, அண்டை வீட்டாருக்குச் செய்யும் உதவி.

இந்த வைரஸ் தன் மேல்தோலை ஓயாமல் மாற்றிக்கொள்வதால் தடுப்பூசியையும் ஆண்டுதோறும் மாற்ற வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி, எந்தெந்த வகைகளைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும். அந்த முடிவுக்கான மாதிரிகள் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களிலிருந்து போகின்றன. கோலாலம்பூரில் 1900இல் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக்கழகம் அவற்றில் ஒன்று. வூ லியன் தேயும் இளமையில் சில காலம் அங்கே ஆய்வு செய்தவர். 1957இல் உலகைச் சுற்றிய ஆசியக் காய்ச்சலின் வைரஸ் வகை ஒன்றுக்கு அறிவியலில் 'ஏ/சிங்கப்பூர்/1/57' என்று பெயர். 2006இலும் 2007இலும் ஐரோப்பியருக்கும் அமெரிக்கருக்கும் போடப்பட்ட ஊசியில் இருந்த ஒரு வகைக்கு 'பி/மலேசியா/2506/2004' என்று பெயர். இந்த மண்ணில் யாரோ ஒருவரின் மூக்கிலிருந்து எடுத்த வைரஸ், கண்காணாத நாடுகளின் முதியவர்களைப் பாதுகாத்திருக்கிறது.

ஊசி போட்டாலும் ஃபுளு வரத்தானே செய்கிறது என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வகை நன்றாகப் பொருந்திய ஆண்டுகளில் மருத்துவரைப் பார்க்கவைக்கும் அளவுக்கு நோய் வருவதை அது 40 முதல் 60 விழுக்காடு குறைக்கிறது. முழுக்கவசம் கிடையாது. ஆனால் அதைப் போட்டவர்கள் நிமோனியாவோடு தீவிர சிகிச்சைக்குப் போவது குறைகிறது. செத்த வைரசின் துண்டுகளே ஊசியில் இருப்பதால் அதிலிருந்து ஃபுளு வராது. பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். திருவிழாவுக்கு முதல்நாள் போட்டுப் பயனில்லை.

மலேசியத் தமிழர்களுக்கு இதில் தனி அக்கறை வேண்டும். 2019இன் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே மட்டும் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். நீரிழிவு உள்ளவருக்கு ஃபுளு வந்தால் சர்க்கரை எகிறும், நிமோனியாவும் எளிதில் பிடிக்கும். கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், ஆஸ்துமா, இதயநோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள், முதியவர்கள் ஆகியோருக்கும் இதே ஆபத்து உண்டு. இவர்களுக்குக் காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஓசெல்டமிவிர் என்ற வைரஸ் மருந்து கிடைத்தால் பலன் அதிகம். 'மூன்று நாள் பார்ப்போம்' என்று காத்திருப்பது அந்த நேரத்தைத் தின்றுவிடும். ஆன்டிபயாட்டிக் மாத்திரை வைரசை ஒன்றும் செய்யாது. பிள்ளைகளின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய் வரலாம். மூச்சு வாங்கினால், மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே ஒடுங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், பிதற்றினால், சிறுநீர் குறைந்தால், காய்ச்சல் விட்டுத் திரும்ப அடித்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

60 வயதைக் கடந்து நீண்டகால நோயும் உள்ள மூத்தோருக்கு மலேசிய அரசு இன்ஃபுளுவென்சா ஊசியை இலவசமாகப் போடும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. பழைய தோட்டங்களில் தனியாக இருக்கும் பெரியவர்கள் பலருக்கு அது தெரியாது, கைப்பேசியில் பதிவு செய்யவும் வராது. உங்கள் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், அடுத்த முறை சர்க்கரை மாத்திரை வாங்கக் கிளினிக்குக்குப் போகும் நாளில் நீங்களும் கூடப் போங்கள். இரண்டு கேள்வி கேளுங்கள்: காலைத் தும்மல் ஒவ்வாமைதானா, இந்த ஆண்டு ஃபுளு ஊசி போட்டாயிற்றா.